இரண்டு கால்களின் அளவும் வேண்டும்

கராமா, துபாய்
14 ஜூன் 2024

அன்புள்ள அருள் மாமாவுக்கு,

தன்யா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அம்மாவின் இருமல் போன வாரத்தோடு போய்விட்டது. நீங்கள் நலமா? யான்புவில் வெயில் எங்களுடையதைவிட அதிகமா, குறைவா?

வேலை செய்கிற பிளான்ட்டுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள், ஆனால் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், டீ நேரத்தில் எடுத்துப் படிப்பேன் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். அதனால்தான் வெள்ளிக்கிழமை போனில் சொல்லியிருக்கக்கூடிய செய்தியை அடக்கி வைத்து எழுதுகிறேன்.

இந்த டிசம்பரில் நாம் பனிக்குப் போகிறோம்! நாம் என்றால் நீங்களும் சேர்த்துத்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாலுக்குள் கொட்டிவைத்திருக்கும் பனி இல்லை, வானத்திலிருந்து விழுகிற நிஜமான பனி. சறுக்கவும் கற்றுக்கொள்ளப் போகிறோம்.

அப்பா சொன்னார்: "எந்த ஊருன்னு தனுவே பார்த்துச் சொல்லட்டும். அவதான் உட்கார்ந்து படிப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னது இது: "அருளு வந்தா எங்க வேணாலும் போலாம். அவன் வரலைன்னா குளிர்ல போயி நான் என்ன பண்ணப்போறேன்? இங்கயே ஏசிய கூட்டி வச்சுக்கிட்டுப் படுத்துக்கிறேன்."

நீங்கள் சவுதிக்குப் போய் மூன்று வருடம் முடிந்துவிட்டது. இரண்டு முறை ஊருக்குப் போனபோதும் எங்கள் லீவு ஒத்துவரவில்லை. எனவே தயவுசெய்து இப்போதே லீவு கேளுங்கள். டிசம்பர் 20க்கு மேல் எந்த நாளும் சரி.

இடத்தைத் தேர்ந்தெடுக்க எட்டாம் வகுப்புக்காரியை நம்பியிருக்கிறார்கள். பொறுப்பாகச் செய்வேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
தன்யா


யான்பு
3 ஜூலை 2024

மருமகள் தன்யாவுக்கு மாமன் எழுதுவது.

நான் நலம். மச்சான், அக்கா நலம் அறிந்து சந்தோஷம். வெயிலைக் கேட்டிருந்தாய். எனக்கு இப்போது வெயிலே தெரியாது. சாரம் கட்டுகிற வேலையிலிருந்து என்னை டூல் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்பானர், சுத்தியல், பெல்ட் எல்லாம் என் பொறுப்பு. ஏசி, நாற்காலி, மேசை. காலையில் கேட்பவனுக்கு எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டும். பெரிய ஆபீசர் மாதிரி இருக்கிறேன்.

உன் கடிதத்தை ரூமில் செய்கு முகம்மதுவிடம் படித்துக் காட்டினேன். அவன் கீழக்கரைக்காரன், வாய் ஓயாது. "ஏம்ப்பா, இங்க நாலு சட்டையும் நனைஞ்சு காயமாட்டேங்குது, உன் மருமக உன்னை ஐஸ்பெட்டிக்குள்ள வைக்கப் பார்க்குது!" என்று சிரித்தான்.

லீவு பற்றி இப்போது சொல்வதற்கில்லை. கேட்டுப் பார்க்கிறேன். ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். சறுக்காதவர்கள் அந்த மலைக்கு மேலே போய்வர வழி இருக்கிறதா? நாற்காலியில் உட்கார்ந்து போகிற மாதிரி ஏதோ படத்தில் பார்த்தேன். போன வழியிலேயே உட்கார்ந்து இறங்கலாமா?

நன்றாகப் படி. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

மாமன்
அருள்முருகன்


கராமா, துபாய்
21 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதம் பதினைந்து நாள் பயணம் செய்து வந்தது.

அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டூல் ரூம் என்றதும் அம்மா எழுந்து போய்க் கேசரி கிளறினார். "எம்புட்டு உயரத்துல நின்னுக்கிட்டு போட்டோ அனுப்புவான், நான் முழுசா பார்க்காமலே மூடிருவேன். இப்பத்தான் சாமி கண்ணத் தொறந்துச்சு" என்றார். பக்கத்து ஃப்ளாட் பத்மா ஆன்ட்டிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து, தம்பிக்குப் பிரமோஷன் என்று சொல்லிவிட்டு வந்தார். வாழ்த்துகள் மாமா.

இப்போது இடங்கள். முதலில் நான்கு வைத்திருந்தேன். கஜகஸ்தானை அப்பா நீக்கிவிட்டார், அவ்வளவு குளிர் அவருக்கு ஆகாதாம். மீதி மூன்று. காஷ்மீரில் குல்மார்க்: நமக்கு விசா வேண்டாம், பனி ஏராளம், கேபிள் கார் மிக உயரம் வரை போகிறது. ஆனால் மேலே உள்ள சரிவுகள் தேர்ந்தவர்களுக்குத்தான். ஜார்ஜியா நாட்டில் குடௌரி: மரமே இல்லாத அகலமான மலை, உயரம் அதிகம் என்பதால் பனி நிச்சயம். புதியவர்களுக்கு நீண்ட, சாய்வு குறைந்த பாதைகள் உண்டு. அதே நாட்டில் பகுரியானி: பைன் காடு, கொஞ்சம் தாழ்வான இடம், காற்று குறைவு, சின்னப் பிள்ளைகள் கற்கிற சரிவுகள். பாதைகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை மிகச் சுலபம், பிறகு நீலம், சிவப்பு, கறுப்பு. நான் நீலம் வரை போக ஆசைப்படுகிறேன். அதனால் என் ஓட்டு குடௌரிக்கு. அப்பாவின் ஓட்டும் அதுதான்.

உட்கார்ந்து மேலே போய் உட்கார்ந்தே இறங்கலாம். ஆனால் நீங்கள் ஏன் அதைக் கேட்கிறீர்கள்? நீங்கள் சறுக்குவீர்கள். சாரத்தில் நடப்பவருக்குப் பனி ஒரு பொருட்டா?

வாடகைக்கு பூட்ஸ் எடுக்க எல்லோருடைய உயரம், எடை, பாதத்தின் நீளம் வேண்டும். ஊரிலிருந்து செருப்பு வாங்கிவரச் சொல்பவர்கள் காகிதத்தில் கால் வைத்து வரைந்து அனுப்புவார்களாமே, அம்மா சொன்னார். அதேபோல வரைந்து அனுப்புங்கள். இரண்டு காலும். பென்சிலை நேராகப் பிடிக்க வேண்டும்.

அன்புடன்
தன்யா


யான்பு
14 ஆகஸ்ட் 2024

மருமகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். அக்காவிடம் கேசரியெல்லாம் எதற்கு என்று சொல். இது பிரமோஷன் இல்லை, இடம் மாற்றம் அவ்வளவுதான்.

கால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். உயரம் ஐந்தடி ஏழங்குலம். எடை எழுபத்தொன்று.

எனக்கு குல்மார்க்கே போதும் என்று தோன்றுகிறது. பனியைப் பார்த்தால் சரிதானே. நீ எழுதியிருக்கிற ஊர்களில் ஹோட்டலுக்குள் படி அதிகமா? வெளியே பனியில் நடக்கிற தூரம் எவ்வளவு? அக்காவுக்கு முட்டி வலி உண்டு, அதனால் கேட்டேன்.

லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லை.

மாமன்
அருள்முருகன்


கராமா, துபாய்
31 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். பள்ளி திறந்துவிட்டது. உங்கள் நலம் பற்றி எழுதவும்.

படம் கிடைத்தது. வலது கால் மட்டும் இருக்கிறது. 26.4 சென்டிமீட்டர். இடது காலை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

"ரெண்டும் ஒண்ணுதானே தனு, அதையே வச்சுக்கோ" என்று அப்பா சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சரிபார்க்க எங்கள் மூவரின் கால்களையும் வரைந்து அளந்தேன். யாருக்கும் இரண்டும் ஒன்றாக இல்லை. அப்பாவுக்கு இடது நான்கு மில்லிமீட்டர் நீளம். அப்பாவே வியந்துபோனார். பெரிய காலுக்கேற்ற பூட்ஸ்தான் எடுக்க வேண்டுமாம். எனவே இடது அவசியம்.

அம்மாவுக்கு முட்டி வலி இல்லை மாமா. கேட்டேன். "எனக்கா? மெட்ரோ ஸ்டேஷன்ல லிஃப்ட்டுக்கு நிக்காம படியில ஏறுறவ நானு" என்றார். நான் ஏன் கேட்டேன் என்பதைச் சொல்லவில்லை.

இடது காலை அனுப்புங்கள்.

அன்புடன்
தன்யா


கராமா, துபாய்
6 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் கடைசியாகக் கடிதம் எழுதி ஏழு வாரம் ஆகிறது. வெள்ளிக்கிழமை போனில் அம்மா கேட்டதற்கு, வேலை அதிகம், எழுத நேரமில்லை என்றீர்கள். பிறகு என்னிடம் கொடுக்கச் சொல்லாமலே வைத்துவிட்டீர்கள்.

போன வியாழக்கிழமை பள்ளியிலிருந்து மாலில் உள்ள பனிச்சறுக்கு அரங்குக்கு அழைத்துப் போனார்கள். இந்த முறை கண்ணாடிக்கு உள்ளே. ஸ்கீ பூட்ஸ் நாம் நினைப்பதுபோல் செருப்பு வகையே இல்லை. கட்டுப்போட்ட மாதிரி கணுக்காலை அசையவிடாது. கற்றுக்கொடுத்த அருணா மிஸ் நாகர்கோவில்காரர், யாரையும் மக்களே என்றுதான் கூப்பிடுவார். நான் ஐந்து முறை விழுந்தேன். ஆறாவது முறை, நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றேன்.

முடிந்ததும் அவரிடம் கேட்டேன்: "மிஸ், ஒரு கால்ல அடிபட்டவங்க சறுக்கலாமா?"

"எந்தக் கால்? என்ன அடி? எலும்பா, விரலா, முட்டியா?"

"தெரியாது மிஸ்."

"அது தெரியாம நான் என்னத்தச் சொல்ல? தெரிஞ்சா நூறு வழி இருக்கு மக்களே. மறைச்சுக்கிட்டு வர்றவங்களுக்குத்தான் எங்களால ஒண்ணும் செய்ய முடியாது."

மாமா, நான் கவனித்ததை எழுதுகிறேன், தவறாக இருந்தால் மன்னியுங்கள். மார்ச்சுக்குப் பிறகு நீங்கள் அனுப்பிய எல்லாப் படத்திலும் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு படத்திலும் இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை கிரிக்கெட் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. முன்பெல்லாம் யார் கேட்ச் விட்டார் என்பது வரை சொல்வீர்கள். படி எவ்வளவு, நடை எவ்வளவு என்று கேட்கிறீர்கள்.

அம்மாவிடம் நான் எதுவும் பேசவில்லை.

தன்யா


யான்பு
20 அக்டோபர் 2024

தன்யாவுக்கு,

நலமாக இரு. இதை அக்கா பார்க்கும்படி வைக்காதே.

மார்ச் ஆறாம் தேதி. மேலே குழாய் வேலை நடந்தது. நான் கீழே நின்று சாரத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். மேலிருந்து ஒரு இரும்பு வளையம் நழுவியது. சின்னது இல்லை, இரண்டு பேர் தூக்குகிற எடை. நான் ஒரு அடி பின்னால் வைத்தேன், இன்னொரு அடி வைப்பதற்குள் விழுந்துவிட்டது. பூட்ஸ் முனையில் இரும்பு இருந்தது. அதுவும் நசுங்கியது.

இடது காலில் நான்கு விரல் இல்லை. சுண்டுவிரல் மட்டும் காவலுக்கு நிற்கிறது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. அக்காவுக்கு, பிளான்ட்டை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை, போன் எடுக்க முடியாது என்று மெசேஜ் போட்டேன். அவளும் நம்பினாள்.

இப்போது நடக்கிறேன். செருப்புக்குள் ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்கிறேன். வேகமாக நடந்தால் சாய்கிறது. சாரத்தில் ஏற விடமாட்டார்கள். டூல் ரூம் கொடுத்து வைத்துக்கொண்டதே பெரிய காரியம்.

முதலில் நேராக நடக்கப் பழகிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு கேசரி பற்றி நீ எழுதினாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? தெரிந்தால் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போ என்பாள். ஊரில் எனக்கு என்ன வேலை இருக்கிறது தனு? எனக்கு முப்பத்து நான்கு வயதுதான் ஆகிறது.

என் பெயரை எடுத்துவிடு. லீவு கிடைக்கவில்லை என்று நானே அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மூவரும் குடௌரிக்குப் போங்கள். நீல நிறப் பாதையில் போய்ப் படம் அனுப்பு.

மாமன்


கராமா, துபாய்
2 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை யாரும் பார்க்கவில்லை. அட்லஸுக்குள் வைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் அழுதேன். பரீட்சை பயம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவிடம் நான் சொன்ன முதல் பெரிய பொய் அது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இனிமேல் சொல்ல மாட்டேன். அம்மா கேட்காதவரை நானாகப் பேச மாட்டேன். ஆனால் கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன். இதை முன்கூட்டியே உங்களிடம் சொல்வதுதான் நியாயம் என்று எழுதுகிறேன்.

உங்கள் பெயரை எடுக்கவில்லை. நீங்கள் வராவிட்டால் அம்மா வரமாட்டார், முதல் நாளே சொல்லிவிட்டார். லீவு கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் என்பார். அடுத்த வருடமும் நீங்கள் உட்கார்ந்துகொண்டுதான் படம் அனுப்புவீர்கள்.

ஜார்ஜியாவில் மூன்று சறுக்குப் பள்ளிகளுக்கு ஈமெயில் எழுதினேன். இடது காலில் நான்கு விரல் இல்லாத ஒருவர் கற்றுக்கொள்ள முடியுமா, வயது 34, உயரம் இவ்வளவு, வேலை சாரம் கட்டுவது என்று. உங்கள் பெயரை எழுதவில்லை. குடௌரியிலிருந்து இரண்டு பேரும் பதில் போடவில்லை. பகுரியானியில் ஒரு ஆசிரியர் அன்றைக்கே எழுதிவிட்டார். பூட்ஸுக்குள் காலியான இடத்தை நிரப்ப அச்சு செய்யலாமாம். கணுக்கால் உறுதியாக இருக்கிறதா என்பதுதான் முக்கியமாம். முதல் நாள் பச்சைச் சரிவில் ஒரு மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. வேண்டாம் என்றால் குதிரை வண்டி இருக்கிறது, சக்கரம் இல்லாதது, பனியில் வழுக்கிக்கொண்டு போகும். அவருக்கு இரண்டு காலின் படமும் 25 நவம்பருக்குள் வேண்டும்.

அதனால் என் ஓட்டை மாற்றிவிட்டேன். பகுரியானி. அப்பா ஏன் என்று கேட்டார். அங்கே ஆசிரியர்கள் கடிதத்துக்குப் பதில் போடுகிறார்கள் என்றேன். அது பொய் இல்லை.

நீங்கள் சறுக்குவதும் சறுக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அம்மாவிடம் ஏர்போர்ட்டில் வைத்துத் தெரியவிடாதீர்கள். முன்பே சொல்லுங்கள். நீங்களே சொல்லுங்கள்.

தன்யா


கராமா, துபாய்
29 நவம்பர் 2024

தம்பி அருளுக்கு அக்கா அகிலா எழுதுவது.

நாங்கள் நலம். நீ நலமா என்று எழுத வரவில்லை. ஒன்பது மாதமாக நலம் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

என் பெயருக்கு வந்த கவரைப் பிரித்தேன். ஒரே ஒரு காகிதம். உன் இடது கால். மேலே கீழே ஒரு வரி இல்லை. தனு ஏதோ விளையாட்டுக்குப் பாதி வரைந்து வைத்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகு கவரின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்தேன். தனுவைக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். அவளைத் திட்டவில்லை.

நீ நாலைந்து தடவை போன் அடித்தாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் அழுவேன், நீ உடனே பேச்சை மாற்றுவாய், கடைசியில் நான் சிரித்துவிட்டு வைப்பேன். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

ஊருக்குப் போ என்று சொல்லப்போவதில்லை. உன் வேலை உன் இஷ்டம். நான் அப்படிச் சொல்வேன் என்று நீயே முடிவுகட்டினாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. கேசரி கிளறினேனாம், அதனால் சொல்லவில்லையாம். கேசரி கிளறியவளுக்கு ரசம் வைத்துக் கொடுக்கத் தெரியாதா? விமானம் ஏறி மூன்று மணி நேரத்தில் வந்திருப்பேனே. விசா கொடுக்காவிட்டால் வாசலிலாவது நின்றிருப்பேன்.

அளவையெல்லாம் 24ஆம் தேதியே அந்த ஆசிரியருக்கு அனுப்பிவிட்டோம். எங்கள் மூவருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. மச்சான் உன்னிடம் லீவு தேதி மட்டும் கேட்பார், வேறெதுவும் கேட்க மாட்டார். நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஆபரேஷனுக்கு முன்னால் சொந்தக்காரர் என்று யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்களே, அது யார்?

அக்கா
அகிலா


யான்பு
11 டிசம்பர் 2024

அக்காவுக்கு அருள் எழுதுவது. மச்சானும் தனுவும் நலமாக இருக்கட்டும்.

நீ இவ்வளவு நீளமாக எழுதுவாய் என்று எனக்குத் தெரியாது. நான்கு டீ நேரம் ஆயிற்று படித்து முடிக்க.

கையெழுத்துப் போட்டது செய்கு முகம்மது. எனக்கு அப்போது பாதி நினைவுதான். ஃபாரத்தில் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. அவன் அண்ணன் என்று எழுதிவிட்டான். நர்ஸ் மலையாளி. என் பேரையும் பார்த்தாள், அவன் பேரையும் பார்த்தாள். "ஒரே வீடா?" என்று கேட்டாளாம். "ஒரே ரூமு சிஸ்டர், மேல் கட்டில் கீழ் கட்டில்" என்று சொல்லியிருக்கிறான். அவள் அரபியில் "கலாஸ்", முடிந்தது என்று சொல்லி முத்திரை குத்திவிட்டாள்.

டியூட்டி முடிந்து பஸ்ஸில் கேம்ப்புக்கு வந்து, குளித்துவிட்டு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வருவான். நோன்பு மாதம் அது. வாட்டர் பாட்டிலையும் பேரீச்சம்பழத்தையும் கொண்டுவந்து என் கட்டில் பக்கத்திலேயே நோன்பு திறப்பான். அக்காவுக்குச் சொல்லு, சொல்லு என்று ஒவ்வொரு நாளும் சொன்னான். அவனாகச் சொன்னால் நான் ரூமை மாற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று மிரட்டி வைத்திருந்தேன். அந்தக் காகிதத்தில் என் காலை வைத்துச் சுற்றி வரைந்ததும் அவன்தான். வரையும்போதும் பேசிக்கொண்டே இருந்தான். கோடு கோணலாக இருந்தால் அதுதான் காரணம். கவரை ஒட்டிக்கொண்டு, "இனி நான் எந்த ரூமுல வேணா இருப்பேன்" என்றான்.

நீ அவனிடம் பேச வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை என் நம்பருக்கே அடி. பக்கத்தில்தான் இருப்பான். ரொம்ப நேரம் பேசுவான், தயாராக இரு.

லீவு கிடைத்துவிட்டது. 22ஆம் தேதி பஸ்ஸில் ஜெத்தா வந்து அங்கிருந்து விமானம். உங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் இறங்குகிறேன். வெளியே வருகிற வாசலில் நிற்பேன். நின்றுகொண்டுதான் இருப்பேன், உட்கார மாட்டேன். உங்களைப் பார்த்ததும் நடந்து வருவேன். இடது பக்கம் கொஞ்சம் சாயும்.

அங்கே வைத்து அழக்கூடாது. அழுவதானால் கராமாவிலேயே அழுது முடித்துவிட்டு வா.

தம்பி
அருள்முருகன்